திருகாணிக்கு ஒழுங்கு தந்தவர்

அரக்கோணம் ஒரு ரெயில் ஊர். சென்னையில் இருந்து திருத்தணி முருகனைத் தரிசிக்க ரெயிலில் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். நான்கு பக்கமும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. பாலங்களுக்கு வேண்டிய இரும்புச் சட்டங்களையும், தண்டவாளம் பிரியும் இடத்தில் பொருத்தும் சாமான்களையும் செய்கிற ரெயில்வே என்ஜினீயரிங் பட்டறையும் இங்கே இருக்கிறது.

இந்த வழியில் ரெயில் வந்தது 1856-ம் ஆண்டு. அந்த ஆண்டு ஜூலை 1-ந் தேதி, ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் ஓடத் தொடங்கியது. அரக்கோணம் அந்தப் பாதையில் உள்ள ஊர். அந்தக் காலத்தில் என்ஜின்கள் எல்லாம் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பல் ஏறி வந்தன.

கடல் தாண்டி வந்த அந்த என்ஜினில் ஒரு போல்ட்டு உடைந்துவிட்டால் என்ன செய்வது? அதே போல்ட்டு வேண்டும் என்று, என்ஜினைச் செய்த பட்டறைக்குக் கடிதம் எழுத வேண்டுமா? கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

இந்தக் கவலை தீர ஒரு வழி, அந்த ரெயில் ஓடுவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. வழி சொன்னவர் மன்னரும் இல்லை, மந்திரியும் இல்லை. அரமும் சுரண்டியும் பிடித்துப் பழகிய ஒரு பட்டறைத் தொழிலாளி. அவர் பெயர் ஜோசப் விட்வொர்த்.

தோட்டுக்கு ஒரு திருகாணி

அவர் செய்தது என்ன என்பதை வீட்டில் உள்ள பெண்களிடம் கேட்டால் உடனே புரியும்.

தட்டார் கையால் செய்த பழைய தோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திருகாணி தொலைந்துவிட்டது. இன்னொரு தோட்டின் திருகாணியை எடுத்து அதில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தாது. ஒரே ஜோடியில் வலது காதுத் தோட்டின் திருகாணி இடது காதுத் தோட்டுக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ததால் வந்த வினை இது.

திருகாணியின் உடம்பில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிக்கு மரை என்று பெயர். புத்தி பிசகியவனை மரை கழன்றவன் என்கிறோமே, அதே மரைதான். ஆணியில் வெளிப்புறம் மரை இருக்கும். அது போய் உட்காரும் துளையில் உட்புறம் மரை இருக்கும். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால்தான் ஆணி ஏறும். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை, ஒவ்வொரு மரையும் எவ்வளவு ஆழம், அதன் இரு பக்கமும் எவ்வளவு சாய்வு என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நீராவி என்ஜின்கள் பெருகின. நூல் மில்கள் பெருகின. ஆனால் போல்ட்டும் நட்டும் தோட்டுத் திருகாணி போலத்தான் இருந்தன. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது. ஓர் இயந்திரத்தைக் கழற்றினால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு உரியது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறிவிட்டால் ஏறாது. ஒரு பட்டறையில் வாங்கிய இயந்திரத்தை இன்னொரு பட்டறையில் பழுது பார்ப்பது பெரும் பாடு.

தாயை இழந்த பிள்ளை

ஜோசப் விட்வொர்த் 1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சார்லஸ் பள்ளி ஆசிரியர். பின்னர் பாதிரியார் ஆனார். ஜோசப் சிறு வயதிலேயே தாயை இழந்தான். குடும்பம் கலைந்தது. சிறுவன் ஜோசப் வெளியூர்ப் பள்ளி ஒன்றில் தங்கிப் படித்தான்.

14 வயதில் படிப்பு முடிந்தது. டெர்பிஷயர் பகுதியில் மாமாவுக்கு ஒரு நூல் மில் இருந்தது. அங்கே ஜோசப்பை வேலை பழக அனுப்பினார்கள். நாளடைவில் மில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வான் என்பது பெரியவர்களின் எண்ணம்.

பையனுக்குக் கணக்குப் புத்தகத்தில் மனம் செல்லவில்லை. இயந்திரத்தில்தான் மனம் சென்றது. மில்லில் இருந்த ஒவ்வோர் இயந்திரத்தையும் பழகிக்கொண்டான். அவை எவ்வளவு அரைகுறையாகச் செய்யப்பட்டு இருக்கின்றன என்பதும் அவன் கண்ணில் பட்டது.

சுமார் நான்கு ஆண்டுகள் பொறுத்தான். பிறகு மில்லை விட்டு ஓடிப் போனான். சேர்ந்த இடம் மாஞ்செஸ்டர் நகரம். அங்கே ஒரு பட்டறையில் சாதாரணத் தொழிலாளியாக வேலைக்கு அமர்ந்தான். மாமாவின் மில்லில் முதலாளியாக இருந்திருக்க வேண்டியவன், கை முழுவதும் எண்ணெயும் கரியுமாக நின்றான். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை.

1825-ம் ஆண்டில் பேனி ஆங்கர்ஸ் என்ற பெண்ணை விட்வொர்த் மணந்தார். அவள் ஒரு படகோட்டியின் மகள். அதே ஆண்டில் அவர் லண்டனுக்குக் கிளம்பினார்.

குருவின் பட்டறை

அப்போது லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற தொழில் மேதை இருந்தார். இரும்பு உருளையில் ஒழுங்காக மரை வெட்டும் லேத் இயந்திரத்தைச் செம்மையாக அமைத்தவர் அவர். அவருடைய பட்டறையில் வேலை பழகுவது என்றால், சங்கீத வித்துவானிடம் குருகுலவாசம் செய்வது போல. விட்வொர்த்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

அந்தப் பட்டறையின் தேர்ந்த தொழிலாளிகளில் ஒருவர் ஜான் ஹாம்ப்சன். அவருக்குப் பக்கத்தில் விட்வொர்த்துக்கு வேலை மேஜை தரப்பட்டது. இரும்புத் தட்டு ஒன்றை முற்றிலும் சமதளமாகச் செய்ய முடியும் என்று விட்வொர்த் நம்பினார். அது நடக்காத காரியம் என்றார் ஹாம்ப்சன். விட்வொர்த் வாதாடவில்லை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்து பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாவது தட்டு

சமதளம் என்பது கேட்க எளிது, செய்வது கடினம். அந்தக் காலத்தில் இரண்டு தட்டுகளை எடுத்து, நடுவே அரைப்புப் பொடி தூவி, ஒன்றோடு ஒன்று தேய்ப்பார்கள். இரண்டும் பொருந்திவிட்டால் சமம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

அதில் ஒரு மோசம் இருந்தது. ஒரு தட்டு நடுவில் மேடாகவும், மற்றது அதே அளவு பள்ளமாகவும் தேய்ந்தாலும் இரண்டும் அழகாகப் பொருந்தும். அம்மியும் குழவியும் ஒன்றுக்கு ஒன்று தேய்ந்து பொருந்துவது போல.

விட்வொர்த் மூன்று தட்டுகளை எடுத்தார். ஒன்றின் மேல் மெல்லியதாகச் சாயம் பூசி, மற்றதன் மேல் வைத்து எடுத்தார். மேடான இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்டியால் சுரண்டி எடுத்தார். முதல் தட்டை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாற்றி மாற்றி ஒத்துப் பார்த்தார். இரண்டு தட்டுகள் சேர்ந்து பொய் சொல்லலாம். மூன்று தட்டுகளும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும் என்றால் மூன்றும் சமமாக இருந்தால்தான் முடியும்.

பல நாள் உழைப்புக்குப் பிறகு தட்டுகள் தயார் ஆயின. ஹாம்ப்சன் பார்த்து ஒப்புக்கொண்டார். இந்தச் சமதள வித்தையை விட்வொர்த் 1840-ம் ஆண்டு, கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் கூடிய சபையில் விளக்கினார்.

மாட்ஸ்லே பட்டறைக்குப் பிறகு, ஜோசப் கிளமெண்ட் என்பவரின் பட்டறையிலும் அவர் வேலை செய்தார். சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதைக்காகக் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்று அங்கேதான் உருவாகி வந்தது. கிளமெண்டும் மரையில் ஒழுங்கு வேண்டும் என்று நினைத்தவர். இந்தப் பருமனுக்கு இத்தனை மரை என்று தன் பட்டறைக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கணக்கு அவர் வாசற்படியோடு நின்றது.

சொந்தத் தொழில்

1833-ல் விட்வொர்த் மாஞ்செஸ்டருக்குத் திரும்பினார். நீராவி விசையோடு கூடிய ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். லண்டனில் இருந்து வந்த கருவி செய்பவர் என்று வாசலில் பலகை மாட்டினார். கடைசல் பிடிக்கும் லேத், இரும்பைச் சீவும் இயந்திரம், துளை போடும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் செய்து விற்றார். அவர் சாமான் என்றால் அளவு பிசகாது என்று பெயர் வந்தது.

தெருக் குப்பையைக் கூட்ட வண்டி ஒன்றும் செய்தார். 1840-களில் மாஞ்செஸ்டர் தெருக்களை அது சுத்தம் செய்தது.

தொழில் பெருகப் பெருக, மரைத் தொல்லையும் பெருகியது. பல ஊர் இயந்திரங்கள் அவர் பட்டறைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மரை. இதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று துணிந்தார்.

எல்லோரிடமும் வாங்கிய கணக்கு

தன் பட்டறை மரைதான் சிறந்தது, எல்லோரும் அதையே செய்யுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் மற்ற முதலாளிகள் சிரித்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தம் மரை உயர்ந்தது. அதை விட்டுக் கொடுத்தால் கருவிகளை எல்லாம் மாற்ற வேண்டும், செலவு ஆகும், கௌரவமும் போகும்.

விட்வொர்த் வேறு வழியில் போனார். இங்கிலாந்தின் முக்கியமான பட்டறைகளில் இருந்து திருகாணிகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றையும் அளந்தார். ஒரே பருமன் உள்ள ஆணிகளில் சிலவற்றில் மரை நெருக்கமாக இருந்தது. சிலவற்றில் அகலமாக இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தார்.

கால் அங்குலப் பருமன் ஆணிக்கு, அங்குலத்துக்கு 20 மரை. அரை அங்குல ஆணிக்கு 12 மரை. ஓர் அங்குல ஆணிக்கு 8 மரை. இப்படி ஒவ்வொரு பருமனுக்கும் ஒரு கணக்கு. மரையின் இரு பக்கச் சாய்வும் சேரும் கோணத்துக்கும் சராசரி பார்த்தார். 55 டிகிரி என்று வைத்தார். மரையின் முனையும் அடியும் கூராக இருந்தால் சீக்கிரம் உடையும். ஆகவே இரண்டையும் சற்று உருட்டிவிடச் சொன்னார்.

1841-ம் ஆண்டு, லண்டனில் என்ஜினீயர்கள் சங்கத்தின் முன் இந்தத் திட்டத்தை வைத்தார்.

இந்தக் கணக்கில் யாரும் முழுக்க ஜெயிக்கவில்லை. யாரும் முழுக்கத் தோற்கவும் இல்லை. எல்லோர் மரையிலும் கொஞ்சம் அதற்குள் இருந்தது. ரெயில்வே பட்டறைகள் இதை முதலில் பிடித்துக்கொண்டன. 1860-க்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான பட்டறைகளில் விட்வொர்த் மரையே வழக்கம் ஆயிற்று. உலகத்தில் ஒரு நாடு முழுவதற்கும் பொதுவாக வந்த முதல் மரை ஒழுங்கு இதுவே.

வீட்டில் மரை போடுவது

இந்த ஒழுங்கின் பயன் பெரிய தொழிற்சாலைக்கு மட்டும் சேரவில்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு வைஸ் மாட்டி, நாலு கருவி வைத்துக்கொண்டு வேலை செய்பவனுக்கும் சேர்ந்தது.

இரும்புக் கதவில் ஒரு தாழ்ப்பாளைப் போல்ட்டு போட்டு மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கதவுச் சட்டத்தில் துளைக்குள் மரை வெட்டவேண்டும். அதற்கு உரிய கருவிக்கு டாப் என்று பெயர். தண்ணீர்க் குழாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பார்ப்பதற்கு ஒரு திருகாணி போலவே இருக்கும். ஆனால் மிகக் கெட்டியான எஃகு. பக்கவாட்டில் நீளமாகப் பள்ளங்கள் ஓடும். அந்தப் பள்ளத்தின் ஓரம்தான் வெட்டும் விளிம்பு. வெட்டிய இரும்புத் தூள் விழுவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

முதல் விஷயம், துளையின் அளவு. போல்ட்டின் பருமனுக்கே துளை போட்டால், மரை வெட்ட இரும்பே மிஞ்சாது. ஆகவே துளை சிறியதாக இருக்க வேண்டும். இன்றைய மெட்ரிக் மரைக்கு இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. போல்ட்டின் பருமனில் இருந்து, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 6 மில்லி மீட்டர் போல்ட்டில் வழக்கமாக மரைத் தூரம் 1 மில்லி மீட்டர். துளை 5 மில்லி மீட்டர். 10 மில்லி மீட்டர் போல்ட்டில் மரைத் தூரம் ஒன்றரை. துளை எட்டரை.

கையால் வெட்டும் டாப்புகள் மூன்று சேர்ந்த ஜோடியாக வரும். முதல் டாப் நுனியில் நன்றாகச் சரிந்து இருக்கும். துளைக்குள் எளிதாக நுழையும். இரண்டாவது டாப் வெட்டை ஆழமாக்கும். மூன்றாவது டாப் அடிவரை மரையை முடிக்கும். அவசரப்பட்டு மூன்றாவதை முதலில் விட்டால் காரியம் கெடும்.

டாப்பைக் கைப்பிடியில் மாட்டி, துளையில் நேராக நிறுத்த வேண்டும். இரண்டு சுற்று போனதும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆரம்பத்தில் சாய்ந்தால் கடைசிவரை சாய்வுதான். இரும்புக்கும் எஃகுக்கும் எண்ணெய் விட வேண்டும். அரைச் சுற்று முன்னால் திருப்பி, கால் சுற்று பின்னால் திருப்ப வேண்டும். பின்னால் திருப்பும்போது இரும்புச் சுருள் ஒடிந்து விழும். சுருள் அடைத்துக்கொண்டால் டாப் இறுகும். அப்போது பலத்தைக் காட்டினால் டாப் உடைந்து துளைக்குள் நின்றுவிடும். அது கெட்டி எஃகு. சாதாரண டிரில் அதில் ஏறாது. ஒரு நிமிட அவசரத்தால் சாமானே பாழாகும்.

கை சொல்வதைக் கவனித்து, இறுக்கம் தெரிந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன் நல்ல தொழிலாளி. அவன் வெட்டிய துளையில், எந்தக் கடையில் வாங்கிய அதே அளவு போல்ட்டும் ஏறும். அவன் கைக்கும், முகம் தெரியாத இன்னொருவன் கைக்கும் இடையே உள்ள உடன்படிக்கைதான் அந்த மரை.

தொண்ணூறு படகுகள்

1854-ல் ரஷ்யாவுடன் கிரிமியப் போர் மூண்டது. இங்கிலாந்துக் கடற்படைக்குச் சிறிய பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. சுமார் 90 படகுகளுக்கு நீராவி என்ஜின் வேண்டும். ஒரே பட்டறை செய்வது என்றால் போரே முடிந்துவிடும்.

ஜான் பென் என்ற என்ஜின் முதலாளி ஒரு யுக்தி செய்தார். மாதிரி என்ஜினைப் பாகம் பாகமாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு பட்டறைக்கு அனுப்பி, அதே போல் செய்யச் சொன்னார். பல இடங்களில் செய்த பாகங்கள் ஒன்றாக வந்து பொருந்தின. எல்லாப் பட்டறைக்கும் அளவும் மரையும் பொதுவாக இருந்ததால் அது முடிந்தது.

அந்தப் போர் முடிந்த 1856-ம் ஆண்டில்தான் அரக்கோணம் வழியே ரெயில் ஓடத் தொடங்கியது. பொதுவான மரை இருந்தால், கப்பலில் வந்த என்ஜினுக்கு இங்கே உள்ள பட்டறையிலேயே போல்ட்டு செய்துவிடலாம். வேண்டியது ஒரு டாப், ஒரு டை, அளவு தெரிந்த ஒரு கை. அதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. இங்கிலாந்தின் மரை, அதன் ஆட்சி சென்ற நாடெங்கும் சென்றது. எந்த அளவு வேண்டும் என்று இந்தியத் தொழிலாளியை அன்று யாரும் கேட்கவில்லை.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு

1851-ல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. விட்வொர்த்தின் இயந்திரங்களைக் கண்டு உலகமே வியந்தது. அவர் அமைத்த அளவு இயந்திரம் ஒன்று, அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் காட்டியது.

மந்திரம் எதுவும் அதில் இல்லை. அதுவும் ஒரு திருகாணிதான். அங்குலத்துக்கு 20 மரை உள்ள திருகாணி. ஒரு முழுச் சுற்று சுற்றினால் அங்குலத்தில் 20-ல் ஒரு பங்கு நகரும். அதைச் சுற்றும் சக்கரத்துக்கு 200 பற்கள். ஒரு பல் நகர்ந்தால் 4,000-ல் ஒரு பங்கு. அந்தப் பல்லை நகர்த்தும் வட்டத்தில் 250 கோடுகள். ஒரு கோடு நகர்ந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

எஃகுச் சட்டத்தை விரலால் தொட்டால், விரலின் சூட்டில் அது நீளும். அந்த நீட்சியையும் அந்த இயந்திரம் காட்டியது.

கேட்காத காது

புகழ் பெற்ற மனிதருக்கு ஒரு தோல்வியும் காத்திருந்தது.

ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யும் முறையைப் பற்றி சர்க்கார் அவரிடம் யோசனை கேட்டது. எது நல்ல குழல் என்று முதலில் ஆராயவேண்டும் என்றார் அவர். தம் வீட்டுத் தோட்டத்தில் 500 கஜ நீளத்துக்குச் சுடும் கூடம் கட்டினார். குழலின் உள்ளே ஆறு பக்கம் உள்ள துப்பாக்கியைச் செய்தார். 1857-ல் நடந்த சோதனையில், தொலைதூரக் குறியில் அது ராணுவத்தின் என்பீல்டு துப்பாக்கியைத் தோற்கடித்தது. 1860-ல் விம்பிள்டனில் நடந்த போட்டியை விக்டோரியா ராணி தொடங்கி வைத்தபோது, நிலையாகப் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் கயிற்றைத்தான் இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் குண்டு குறியின் மையத்துக்கு அருகே பாய்ந்தது.

ஆனாலும் ராணுவம் அதை ஏற்கவில்லை. குழல் குறுகலாக இருக்கிறது. மருந்துக் கரி சீக்கிரம் அடைக்கிறது. விலையும் அதிகம் என்று அதிகாரிகள் கூறினார்கள். விட்வொர்த் இறங்கி வரவில்லை. தம் அளவே சரி என்று நின்றார். பீரங்கி விஷயத்திலும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 1871-ல் ராணுவம் எடுத்துக்கொண்ட புதிய துப்பாக்கியின் குழல், ஏறக்குறைய விட்வொர்த் சொன்ன பருமனிலேயே இருந்தது. ஆனால் அது வேறொருவர் துப்பாக்கி.

மரை விஷயத்தில் அவர் எல்லோரிடமும் கேட்டார். எல்லோரும் ஏற்றார்கள். துப்பாக்கி விஷயத்தில் அவர் பக்கம் உண்மை இருந்தது. ஆனால் பிறர் குறையைக் கேட்கும் பொறுமை இல்லை. சரியாக இருப்பது ஒன்று. நாலு பேரை ஏற்கச் செய்வது வேறொன்று.

வீட்டிலும் அவருக்கு அமைதி இல்லை. பேனியும் அவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். 1870-ல் பேனி இறந்தார். அடுத்த ஆண்டு மேரி லூயிசா என்பவரை மணந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

கையும் படிக்க வேண்டும்

1868-ல் அவர் செய்த ஒரு காரியம், மரைக்கு அடுத்தபடியாக அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 பேருக்குப் படிப்பு உதவி ஏற்பாடு செய்தார். புத்தகப் படிப்பு மட்டும் இருந்தால் போதாது. அரம் பிடிக்கவும், கடைசல் பிடிக்கவும், கொல்லு வேலை செய்யவும் கைப்பழக்கம் வேண்டும். கைப்பழக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. கணக்கும் விஞ்ஞானமும் தெரிய வேண்டும். இரண்டிலும் பரீட்சை நடந்தது. பட்டறைப் பையன்கள் பலர் அதன் மூலம் என்ஜினீயர் ஆனார்கள். அவர் பெயரால் அந்த உதவி இன்றும் வழங்கப்படுகிறது.

1869-ல் ராணி அவருக்குப் பேரோனெட் பட்டம் தந்தார். 1874-ல் தம் தொழிலைக் கம்பெனி ஆக்கியபோது, தொழிலாளர்களும் பங்கு வாங்க வழி செய்தார்.

1887-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, மாண்டி கார்லோ நகரில் ஜோசப் விட்வொர்த் காலமானார். அவருக்கு வயது 83. சொத்தின் பெரும்பகுதி பொதுக் காரியத்துக்குப் போயிற்று. மாஞ்செஸ்டரில் ஓவியக் கூடமும் பூங்காவும் அதில் எழுந்தன. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் பணம் சேர்ந்தது.

அங்குலம் போனது, கோணம் நின்றது

அவர் மரைக்கும் போட்டி வந்தது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864-ல் 60 டிகிரி கோணத்தில் வேறு மரை வகுத்தார். செய்வதற்கு அது எளிது. 55-க்கும் 60-க்கும் உள்ள அந்த ஐந்து டிகிரி வித்தியாசம், இரண்டாவது உலகப் போரில் நேச நாடுகளைப் படாத பாடு படுத்தியது. ஒரே பக்கம் நின்று போரிட்ட இரண்டு நாடுகளின் போல்ட்டும் நட்டும் சேரவில்லை. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி, ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60 ஆயிற்று.

சுதந்திர இந்தியாவில் 1956-ம் ஆண்டு மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. அரக்கோணத்துக்கு ரெயில் வந்து சரியாக 100 ஆண்டு கழித்து. அதன் பிறகு போல்ட்டும் நட்டும் மெல்ல மெல்ல மில்லி மீட்டருக்கு மாறின. பழைய பட்டறைகளில் விட்வொர்த் ஸ்பானர்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

ஆனால் விட்வொர்த் முழுவதும் போய்விடவில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். இன்றும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அரை அங்குலக் குழாயின் முனையில் அங்குலத்துக்கு 14 மரை. அந்த மரையின் கோணம் விட்வொர்த் சொன்ன அதே 55 டிகிரி.

அரக்கோணத்தில் வாங்கிய குழாயில், திருத்தணியில் வாங்கிய மூடியைத் திருகினால் ஏறிக்கொள்கிறது. இரண்டையும் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது இல்லை. ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிவதில்லை. கசிந்தால் பிளம்பரைத் திட்டுகிறோம். கசியாதபோது யாரையும் நினைப்பதில்லை. ஊர் ஊராகத் திருகாணி சேகரித்து, ஒவ்வொன்றாக அளந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு அதுவே போதுமான புகழ்.